நிலுவை இருபது காசு

இரவு பத்தேமுக்கால்.
கணக்கு முடி என்று பொத்தானை அழுத்தினால்
இயந்திரம் கொஞ்ச நேரம் யோசிக்கும்.
பிறகு வைத்தியரிடம் நாக்கை நீட்டுவதுபோல்
தாளை நீட்டும்:
விசா இத்தனை, மாஸ்டர் இத்தனை, நெட்ஸ் இத்தனை,
திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை.

அன்றைய பணம் அன்றைக்கு வராது.
இரண்டு நாள் வங்கியில் தூங்கி எழுந்து,
நூற்றுக்கு இரண்டு வெள்ளி எண்பது காசைக்
கொறிக்கக் கொடுத்துவிட்டுத்தான் வரும்.
எலிக்குப் போன அரிசி என்பார் முதலாளி.

நோரிஸ் சாலையில் கடை, மேலே கூடம்.
பத்துப் பேருக்கு மேல் என்றால் முன்பணம்.
மூன்று நாளுக்குள் ரத்து செய்தால் திரும்பாது.
கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அந்த விதியைத்
தட்டச்சு செய்தவள் நான்.

பங்குனியில் ஒருவர்
முந்நூறு வெள்ளி கட்டினார்.
அட்டையில் பெயர்: பூபாலன், திரவியம் மகன்.
பேருந்துப் பணிமனையில் வேலை, நகத்தில் கிரீஸ்.
மகளுக்கு நிச்சயம், நாற்பது இலை,
கீரை வடை கட்டாயம்.

முந்தின நாள் மாலை போன் வந்தது.
"வேணாம்மா. இல்லேன்னு ஆயிடுச்சு."
நான் ஏன் என்று கேட்கவில்லை.
கணினி கேட்டது.
காரணங்கள் ஏழு வைத்திருந்தது.
'மற்றவை' என்பதை அழுத்தினேன்.

முதலாளி சட்டத்தைக் காட்டினார்.
"நாப்பது பேருக்கு உளுந்து ஊறப் போட்டாச்சு."
அதுவும் உண்மைதான்.

அடுத்த செவ்வாய் அவரே வந்து நின்றார்.
"திருப்பித் தர வேணாம்.
சாப்பிட்டுக் கழிச்சுக்கிறேன்."
கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.
எழுதியவளுக்குத் தெரியாதா?

சாப்பாடு பன்னிரண்டரை,
அதன்மேல் சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு,
அதற்கும் மேல் பொருள் சேவை வரி ஒன்பது.
பதினான்கு வெள்ளி தொண்ணூற்றொன்பது காசு.
முன்பணத்தில் கழித்தேன்.
ரசீதில் கையெழுத்துப் போட்டார்,
போட வேண்டிய அவசியமே இல்லாவிட்டாலும்.

செவ்வாயில் யாரும் நல்ல காரியம் வைப்பதில்லை.
மாடி காலியாகக் கிடக்கும்.
அங்கேதான் இலை போடச் சொல்வார்.
முஸ்தாக் சாம்பார் வாளியோடு படியேறிப் படியேறி
முட்டியைத் திட்டுவான்.
அவன்தான் ஒருநாள் இறங்கி வந்து சொன்னான்:
அக்கா, அந்த ஆள் வாராவாரம்
வேற வேற நாற்காலியில உக்காறாரு.

செவ்வாய்தோறும் வந்து
வெள்ளியைத் தின்றுகொண்டிருந்தார்.
ஜூனில் அவர் அட்டை காலாவதியானது.
ஆடி வெக்கையில், மேசை இழுப்பறைக்குள்,
முந்நூறு வெள்ளிச் சீட்டு எழுத்தெல்லாம் உதிர்ந்து
வெள்ளைத் தாளானது.
வங்கிக்கு இனி ஞாபகமில்லை,
தாளுக்கும் இல்லை.
என் நோட்டில் மட்டும்
நீல மையில் இறங்கிக்கொண்டே வந்தது தொகை.

இருபதாம் செவ்வாய்.
மீதம் இருபது காசு.
"இதுக்கு என்னம்மா கிடைக்கும்?"
"ஒண்ணும் கிடைக்காது சார்."
அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன்.
"அப்ப அது கெடக்கட்டும்."

அதற்குப் பின் வரவில்லை.
ஆனால் இரவுதோறும் அறிக்கையின் கடைசி வரியில்
அது வந்தது:
முன்பணம், நிலுவை, 0.20.
மாதக் கணக்குப் பார்க்கும் ஹுவெய் மின் முகம் சுளித்தாள்.
இதர வருமானத்தில் போட்டு மூடிவிடலாமே?
வேண்டாம் என்றேன்.
இருபது காசுக்கு இப்படி மல்லுக்கட்டுபவளை
அவள் எந்தக் கணக்கில் எழுதினாளோ.

நேற்று மதியம், கூட்ட நேரத்தில், ஒரு பெண் குரல்.
செவ்வாய்க்கிழமை. இரண்டு பேர்.
மாடியில் இடம் கிடைக்குமா?
பெயர் கேட்டேன்.
பூபாலன் மகள் என்று மட்டும் எழுதிக்கச் சொன்னாள்.
முன்பணம் எவ்வளவு?

ஏற்கெனவே கட்டியிருக்கு என்றேன்.

செவ்வாயில் கீரை வடை போடுவதில்லை.
அடுப்படியில் இன்றைக்கே
சொல்லி வைக்க வேண்டும்.